எங்களில் யாருக்குக் காசு கொடுத்திருக்கிறாய்?

2020 ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குக் கிழக்கே டிகால்ப் கவுன்டியில் எங்கள் வீடு. எதிர் வீட்டில் தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கறுப்பின அம்மா இருக்கிறார். 1947இல் பிறந்தவர். நான் அவரை ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். அவர் என்னை 'பேபி' என்பார்; இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் தங்களைவிட இளையவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஊரடங்கில் அவரவர் வாசலில் நாற்காலியைப் போட்டு, நடுவில் தெருவை விட்டுப் பேசிக்கொண்டிருப்போம்.

ஒரு நாள் சாயங்காலம், தன் தங்கை மகன் சாப்பாட்டுக் கடையை மூடிவிட்டான் என்று சொன்னார். பதினொரு வருடக் கடை. "அடடா, தினமும் அந்த வழியாகத்தானே வேலைக்குப் போவேன்" என்றேன்.

"போனாய் சரி, சாப்பிட்டாயா?"

ஒரு தடவைகூட இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "எட்டு வருஷமாக எங்கள் நடுவில் குடியிருக்கிறாய் பேபி. எங்களில் யாருக்குக் காசு கொடுத்திருக்கிறாய்?"

நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சப்ளையர்கள் அனுப்பும் பில்லைச் சரிபார்த்துப் பணம் அனுப்புவது என் வேலை. கேள்வி என்று ஒன்று வந்தால் கணக்கைத் திறந்து பார்த்துத்தான் பழக்கம். அன்று ராத்திரி 2019ஆம் வருடத்துக் கார்டு ஸ்டேட்மென்ட் பன்னிரண்டையும் எடுத்தேன். வீட்டுக்கடன் தவணையைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்தக் கடை யாருடையது என்று எழுதிக்கொண்டே வந்தேன். மொத்தம் 39,000 டாலர் சொச்சம். பெரும்பகுதி பெரிய செயின் கடைகளுக்குப் போயிருந்தது. டிகேட்டர் பக்கம் இருக்கும் நம் இந்திய மளிகை, சாப்பாடு, துணிக்கடைகளுக்கு ஏழாயிரத்துக்கும் மேல். கறுப்பினத்தவர் நடத்தும் கடைகளுக்கு 186 டாலர். அதிலும் பாதி, ஒரு சர்ச் வாசலில் வாங்கிய பொரித்த மீன். எங்கள் கவுன்டியில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பின மக்கள்.

நான் யாரையும் ஒதுக்க வேண்டும் என்று நினைத்ததே இல்லை. ஆனால் 186 டாலர் என்ற எண் என் முன்னால் இருந்தது. பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் சங்கடமாக இருந்தது. வீடு பார்க்க வந்த நாளிலிருந்து 'அந்தப் பக்கம் போகாதீர்கள்' என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லோரும் நம்மவர்கள்தான். நானும் புதிதாக வந்த இரண்டு குடும்பங்களுக்கு அதையே சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வருடம், தடுப்பூசி போட்ட பிறகு, ஆன்ட்டி என்னை ஆபர்ன் அவென்யூவுக்குக் கூட்டிப்போனார். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீடு இருக்கும் தெரு என்பதால் ஒரு தடவை சுற்றுலாப் பயணி மாதிரி போய் வந்திருந்தேன். அவர் காட்டியது வேறு தெரு. ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்து, முடிதிருத்தும் தொழிலில் சம்பாதித்த அலோன்சோ ஹெர்ண்டன் 1905இல் ஆரம்பித்த அட்லாண்டா லைஃப் காப்பீட்டு நிறுவனம் இங்கே இருந்தது. சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கி 1921இல் இந்தத் தெருவில்தான் பிறந்தது, இன்றும் நடக்கிறது. மருந்துக்கடை, அச்சகம், தையல்கடை, ஹோட்டல், நடன அரங்கம் என்று எல்லாமே அவர்களுடையவை. 1956இல் ஃபார்ச்சூன் இதழ் உலகத்திலேயே பணக்காரக் கறுப்பினத் தெரு என்று இதைப் பற்றி எழுதியது.

ஆன்ட்டியின் அம்மா வீடுகளில் துணி துவைத்தவர். வாராவாரம் காப்பீட்டு ஏஜென்ட் வாசலுக்கு வருவாராம். சில்லறையை வாங்கிக்கொண்டு சின்ன நோட்டில் குறித்துக் கொடுப்பாராம். "அந்தச் சில்லறை எங்கள் தெருவை விட்டு வெளியே போகவில்லை. எங்கள் ஆள் வீடு கட்ட அதிலிருந்துதான் கடன்" என்றார். அவர் சொல்லும்போது தலைக்கு மேல் லாரிகள் இரைந்துகொண்டிருந்தன. நெடுஞ்சாலை இந்தத் தெருவின் குறுக்கே, தலைக்கு மேலேதான் போகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அதைக் கட்டியபோது தெரு இரண்டாகப் பிளந்தது. கடைகளுக்கு ஆள் வந்துகொண்டிருந்த வீடுகள் போயின. வட கரோலைனாவின் டர்ஹமில் ஹேய்டி என்ற கறுப்பினப் பகுதிக்கும் இதே கதிதான்.

அன்று மதியம் பக்கத்தில் இருக்கும் கர்ப் மார்க்கெட்டில் சாப்பிட்டோம். 1924இல் கட்டிய நகராட்சிச் சந்தை. 'கர்ப்' என்றால் நடைபாதையின் ஓரம். வெள்ளைக்காரர்கள் உள்ளே வாங்கினார்கள்; கறுப்பின மக்களுக்கு வெளியே ஓரத்துக் கடைகள் மட்டும்தான். அந்தப் பெயரையே இன்று சந்தைக்கு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. நான் விருதுநகர்க்காரி. தாத்தா ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதியவர். மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுக் காரியத்துக்கு மகமை எடுத்து வைப்பதும், அது உறவின்முறை என்ற சமூகச் சங்கத்துக்குப் போய்ப் பள்ளிக்கூடமாக மாறியதும், வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து அந்தப் பள்ளியை நடத்தியதும் எங்கள் வீட்டில் சோற்றோடு ஊட்டிய கதைகள். கோயிலுக்குள் வராதே என்று தடுக்கப்பட்ட, 1899இல் சிவகாசியில் வீடு வீடாகத் தாக்கப்பட்ட நாடார் சமூகம், 1921இல் தூத்துக்குடியில் தனக்கென்று ஒரு வங்கியை ஆரம்பித்தது. நாடார் வங்கி, இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. அட்லாண்டாவில் சிட்டிசன்ஸ் டிரஸ்ட் பிறந்ததும் அதே வருடம். அதே 1921இல், மே 31 ராத்திரியிலிருந்து ஜூன் 1 வரை, ஓக்லஹோமாவின் டல்சாவில் கிரீன்வுட் பகுதியை வெள்ளைக் கும்பல் எரித்தது. 35 பிளாக்குகள். கடையும் வீடும் இழந்தவர்கள் காப்பீடு கேட்டபோது, கலவரத்துக்குப் பணம் கிடையாது என்று நிறுவனங்கள் கைவிரித்தன.

மகமையைப் பெருமையாகச் சொல்கிறேன் என்பதால் அதன் மறுபக்கத்தை மறைக்கவும் விரும்பவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சமூகம் கட்டிய சுவர், தனக்கும் கீழே வைக்கப்பட்டவர்களுக்குக் கதவைத் திறந்ததா என்று கேட்டால் நம் ஊரில் பதில் சுலபமில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. ஆன்ட்டி கேட்டது நன்கொடையோ இரக்கமோ அல்ல. என் தாத்தா எழுதிய அதே கணக்கைத்தான்.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் செய்தது தப்பு.

2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்ட பிறகு, 'கறுப்பினத்தவர் கடைகளில் வாங்குங்கள்' என்று எங்கு பார்த்தாலும் பட்டியல்கள். நானும் ஒரே வாரத்தில் முந்நூறு டாலருக்கு மெழுகுவர்த்தி, சோப்பு, ஷியா வெண்ணெய், டீ-ஷர்ட் என்று வாங்கிக் குவித்தேன். அப்புறம் மூன்று மாதம் ஒன்றுமே வாங்கவில்லை. செப்டம்பரில் சோப்பு தீர்ந்து மறுபடி கேட்டபோது, அதைச் செய்யும் பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஜூனில் வந்த ஆர்டரைப் பார்த்துக் கடன் வாங்கி எண்ணெயும் டப்பாக்களும் வாங்கிப் போட்டிருக்கிறார். ஆகஸ்ட் முதல் ஆர்டர் இல்லை. கேரேஜ் முழுக்கக் காலி டப்பா. கடன் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. என் முந்நூறு டாலர் அவருக்கு உதவியாகவும் இருந்தது, பொறியாகவும் இருந்தது.

அங்கேதான் என் வழியை மாற்றினேன். திருவிழாச் செலவை விட்டுவிட்டு மாதச் செலவைப் பிடித்தேன். ஒரு வீட்டில் கேள்வி கேட்காமல் திரும்பத் திரும்பப் போகும் காசு எது? தலைமுடி வெட்டு, காருக்கு எண்ணெய் மாற்றுவது, புல் வெட்டுவது, பல் டாக்டர், வருமான வரி தாக்கல் செய்பவர், கரையான் மருந்து அடிப்பவர், சேமிப்புக் கணக்கு. இதை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக மாற்றினேன். நன்றாக வேலை செய்கிறவரை நடுவில் விட்டு ஓடவில்லை. ஒப்பந்தம் முடியும்போது, கார் மெக்கானிக் ஓய்வு பெறும்போது என்று இயல்பாக ஓர் இடைவெளி வரும், அப்போது மாற்றினேன். இரண்டு வருடத்தில் ஏழு செலவு மாறியது. மளிகைக்கு ஆள் கிடைக்கவில்லை. மின்சாரம், தொலைபேசி எல்லாம் நம் கையில் இல்லாதவை.

சேமிப்புக் கணக்கை ஆபர்ன் அவென்யூவில் பிறந்த அந்த வங்கிக்கே மாற்றினேன். இது நான் செய்ததிலேயே சுலபமான வேலை, பலனும் அதிகம் என்று நினைக்கிறேன். மற்ற வங்கிகளைப் போலவே 2,50,000 டாலர் வரை மத்திய அரசின் வைப்புக் காப்பீடு உண்டு. எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. நான் போட்டு வைக்கும் பணத்திலிருந்து அந்த வங்கி யாருக்குக் கடன் கொடுக்கும் என்பதுதான் வித்தியாசம். அடிமைமுறை ஒழிந்தபின் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின வங்கிகள் தோன்றின. 1903இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் மேகி லீனா வாக்கர் என்ற பெண் தொடங்கிய வங்கியும் அதில் ஒன்று. இன்று அமெரிக்காவில் இருக்கும் கறுப்பின வங்கிகள் இருபது சொச்சம்தான்.

கடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2020 ஜூலையில் கூகுள் மேப்பில், கறுப்பினத்தவர் நடத்தும் கடை என்ற அடையாளத்தைக் கடைக்காரர்களே சேர்த்துக்கொள்ளும் வசதி வந்தது, தொடக்கத்துக்கு உதவும். ஆனால் என் அனுபவத்தில் அதைவிடச் சிறந்த வழி, ஒரு கடைக்காரரிடம் "உங்கள் கணக்கை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்பது. என் கணவருக்கு முடி வெட்டுபவர் சொல்லித்தான் வரிக் கணக்கு பார்க்கும் அம்மாவிடம் போனோம். அந்த அம்மா சொல்லி மெக்கானிக். மெக்கானிக் சொல்லிக் கரையான் மருந்துக்காரர். இதில் இன்னொன்றும் தெரிந்துவிடும். என்னிடம் வாங்கிய காசை அந்த முடிதிருத்துபவர் மறுபடி தன் ஆட்களிடமே செலவு செய்கிறார். ஒரு டாலர் ஒரு சமூகத்துக்குள் சுற்றுவது என்றால் இதுதான். நான் கொடுப்பது முதல் கை. இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போனால்தான் அது சுற்று.

ஒரு டாலர் கறுப்பினப் பகுதியில் ஆறு மணி நேரம்தான் தங்குகிறது, மற்றவர்களிடம் வாரக்கணக்கில் தங்குகிறது என்று ஒரு கணக்கு எல்லா இடத்திலும் சுற்றுகிறது. நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன். அப்புறம் அதற்கு உறுதியான ஆய்வு எதுவும் பின்னால் இல்லை என்று தெரிந்து, அனுப்பியவர்களிடம் திருத்திச் சொன்னேன். அதில் 'பார், அவர்களே அவர்கள் கடையில் வாங்குவதில்லை' என்று பழியை அந்த மக்கள் மேலேயே போடும் தொனி இருக்கிறது. கடையே இல்லாத இடத்தில் எங்கே போய் வாங்குவார்கள்? அமெரிக்காவில் ஊழியர்கள் வைத்து நடத்தும் தொழில்களில் கறுப்பினத்தவருடையவை சுமார் 3%. மக்கள்தொகையில் அவர்கள் 14%க்குப் பக்கம். ஊரடங்கு வந்த 2020 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் மட்டும், தொழில் நடத்திக்கொண்டிருந்த கறுப்பின உரிமையாளர்களின் எண்ணிக்கை 41% விழுந்தது. ஆன்ட்டியின் தங்கை மகன் அதில் ஒருவர்.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. கறுப்பினக் குடும்பம் ஆரம்பித்த பிராண்ட் இன்று பெரிய நிறுவனத்திடம் இருக்கலாம். ஷியா மாய்ஸ்சர் 2017இல் யூனிலீவரிடம் போனது. விற்றது தப்பு என்று நான் சொல்லவில்லை. உழைத்து வளர்த்ததை விற்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் நாம் எந்தக் கைக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். சிறுபான்மையினர் தொழில் என்று முறையான சான்றிதழ் கொடுப்பவர்கள் குறைந்தது 51% உரிமை அவர்களிடம் இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். சின்னக் கடைகள் பலவற்றுக்கு அந்தச் சான்றிதழுக்கு நேரமோ பணமோ இருக்காது. அங்கே நேராகக் கேட்டுவிடலாம். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

காய்கறி விஷயத்தில் எனக்குச் சந்தோஷமான அனுபவம். மளிகைக்கடை கிடைக்கவில்லை என்றேன் அல்லவா, சனிக்கிழமைச் சந்தையில் தெற்கு ஜார்ஜியாவிலிருந்து வரும் கறுப்பின விவசாயி ஒருவர் கிடைத்தார். அவர் பெட்டியில் இருந்தவை வெண்டைக்காய், தட்டைப்பயறு, கீரை. வெண்டையும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு இந்த மண்ணுக்கு வந்தவை. நான் பழக்கதோஷத்தில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்தேன். "ஒடித்தால் அது உன்னுடையது, பைக்குள் போடு" என்றார். இரண்டு ஒடித்தேன், இரண்டையும் வாங்கினேன். எங்கள் ஊரில் இப்படித்தான் பிஞ்சா முற்றலா என்று பார்ப்போம் என்று சொன்னதும் சிரித்துவிட்டு, அவர் பாட்டியும் இப்படித்தான் ஒடிப்பார் என்றார். இப்போது எனக்கென்று பிஞ்சாகப் பார்த்துத் தனியே எடுத்து வைக்கிறார். அவர் கீரையை நான் தேங்காய் போட்டுப் பொரியல் செய்து ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். 1920இல் அமெரிக்காவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இன்று ஐம்பதாயிரத்துக்கும் கீழே. கடன் கிடைக்காமலும், பத்திரமில்லாத வாரிசு நிலம் ஏலத்தில் போயும் அழிந்த கணக்கு அது. வேளாண் துறை கடன் கொடுப்பதில் பாகுபாடு காட்டியதாகத் தொடுத்த வழக்கில் 1999இல் சமரசம் ஏற்பட்டது. அதற்குள் நிறைய நிலம் கைமாறியிருந்தது.

எல்லாமே இப்படி இனிப்பாக நடக்கவில்லை. 2022இல் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு கறுப்பினக் கேட்டரரிடம் சாப்பாடு சொன்னோம். இரண்டு மணி நேரம் தாமதம். குழந்தைகள் பசியில் அழ, உறவினர் ஒருவர் என் காதருகே, "உனக்குத் தேவையா இது? இவர்களே இப்படித்தான்" என்றார். அந்த நிமிடம் என் மனத்திலும் அதே வாக்கியம் ஓடியது. ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான், முந்தைய வருடம் இந்தியக் கேட்டரர் ஒருவர் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தது ஞாபகத்துக்கு வந்தது. அன்று நான் திட்டியது அந்த ஆளை மட்டும். 'இந்தியர்களே இப்படித்தான்' என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் தவறினால் அந்த ஒருவர் தவறினார் என்று சொல்லும் நியாயம் நமக்கு எளிதாகக் கிடைக்கிறது. இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

மறுநாள் அந்தக் கேட்டரருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். வேன் பழுதாகியிருக்கிறது, முன்கூட்டியே சொல்லாதது தன் தவறு என்று ஒப்புக்கொண்டு பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பினார். அதன் பின் இரண்டு தடவை அவரிடமே வாங்கினோம், நேரத்துக்கு வந்தார். நான் கற்றுக்கொண்டது: குறை இருந்தால் முதலில் முதலாளியிடம் நேராகச் சொல்லுங்கள். ஐந்து ஊழியர்கூட இல்லாத கடைக்கு இணையத்தில் விழும் ஒற்றை நட்சத்திரம் பெரிய அடி. திருத்த வாய்ப்புக் கொடுத்தும் திருந்தாவிட்டால் வேறு கடைக்குப் போங்கள். மோசமான வேலைக்கு வருடக்கணக்கில் பணம் கொடுப்பதும் மரியாதை இல்லை.

பேரம் பேசுவதையும் நிறுத்த வேண்டியிருந்தது. நமக்குக் கை அரிக்கும். சோப்புக்காரப் பெண்ணிடம் "தெரிந்தவள்தானே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளேன்" என்றேன். "பெரிய கடையில் போய் இப்படிக் கேட்பாயா?" என்றார். கேட்க மாட்டேன். அவருடைய சோப்பு ஒன்றரை டாலர் அதிகம், ஏனென்றால் அவர் ஐம்பது கிலோ எண்ணெய் வாங்குகிறார், பெரிய நிறுவனம் டேங்கரில் வாங்குகிறது. அந்த ஒன்றரை டாலரை நான் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தேன். மாதத்துக்கு ஒரு தடவை வெளியில் காபி குடிப்பதை விட்டாலே போதும்.

வீட்டுக் கணக்கைவிட என் ஆபீஸ் கணக்கு பெரிது. இதை நான் யோசிக்க மூன்று வருடம் ஆனது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. நான் வேலை செய்யும் இடத்தில் எல்லா சப்ளையர்களுக்கும் 60 நாள் கழித்துத்தான் பணம். பெரிய நிறுவனங்களுக்கு அது ஒன்றுமில்லை. கூட்டங்களுக்குச் சாண்ட்விச் அனுப்பும் சின்ன கிச்சனுக்கு, 60 நாள் என்றால் இரண்டு மாதச் சம்பளத்தையும் ரொட்டியையும் கைக்காசில் போடுவது. வங்கியில் ஓவர்டிராஃப்ட் மாதிரி வசதி இருப்பவர் சமாளிப்பார். கறுப்பினத் தொழில்களுக்குக் கேட்ட கடன் முழுதாகக் கிடைப்பது மற்றவர்களைவிட அரிது என்று அமெரிக்க மத்திய வங்கி நடத்தும் சிறுதொழில் கணக்கெடுப்புகள் தொடர்ந்து சொல்கின்றன. இல்லாதவர், வர வேண்டிய பில்லையே குறைந்த விலைக்கு ஒரு நிதி நிறுவனத்திடம் விற்றுப் பணம் வாங்க வேண்டிவரும். லாபம் அங்கேயே போய்விடும்.

என் மேலாளரிடம் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 5,000 டாலருக்குக் கீழே உள்ள பில்களை 15 நாளில் கொடுத்தால் நமக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று. சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ஆறு மாதம் இழுத்து ஒப்புக்கொண்டார். நிறத்தைப் பார்த்து அல்ல, பில்லின் அளவைப் பார்த்து. இதில் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். நான் என் வீட்டுக் காசை யாரிடம் வேண்டுமானாலும் செலவழிக்கலாம். நிறுவனங்கள் இன அடிப்படையில் ஒப்பந்தம் செய்வது வேறு கதை. எங்கள் அட்லாண்டாவிலேயே ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற அமைப்பு, கறுப்பினப் பெண்களின் தொழில்களுக்கு 20,000 டாலர் நல்கை கொடுத்துவந்தது. 2023இல் அதன் மேல் வழக்கு வந்தது. 1866ஆம் வருடத்து உரிமைச் சட்டத்தின் பெயரால்! அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காகவே போட்ட சட்டம் அது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தி வைத்தது, செப்டம்பரில் சமரசமாகி அந்தத் திட்டம் மூடப்பட்டது. எனக்கு அதில் மிகவும் மனவேதனை. ஆனால் பில்லைச் சீக்கிரம் கொடுப்பதையும், கொட்டேஷன் கேட்கும்போது வழக்கமான மூன்று பேரோடு புதிதாக இரண்டு சின்ன நிறுவனங்களைச் சேர்த்துக் கேட்பதையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நீங்கள் கணக்குப் பிரிவிலோ கொள்முதல் பிரிவிலோ இருந்தால் உங்கள் கையில் இருக்கும் பெரிய கருவி இதுதான்.

நம்மவர்களிடம் இதைச் சொல்லும்போது ஒரு பேச்சு வரும்: "நாம் நம் கடைகளில் வாங்குகிறோம், அவர்கள் அவர்கள் கடையில் வாங்கட்டும்." நானும் இந்தியக் கடையை விட்டுவிடவில்லை, இட்லி அரிசிக்கு வேறு எங்கே போவது? ஆனால் கறுப்பினப் பகுதிகளில் கேஸ் ஸ்டேஷனும் பலசரக்குக் கடையும் நடத்தும் தெற்காசியர்கள் இந்த ஊரில் ஏராளம். அந்தப் பகுதி மக்களின் காசு நம் கல்லாவுக்கு வந்து, ராத்திரி புறநகருக்குப் போய்விடுகிறது. தெரிந்த ஒருவரிடம் இதைப் பேசினேன். அவர் கடைக்குப் பக்கத்துத் தெரு இளைஞர்கள் இரண்டு பேரை வேலைக்கு வைத்தார், உள்ளூரில் ஒரு பெண் செய்யும் கேக்கை அலமாரியில் வைத்தார். கேக் அவருக்கே நல்ல வியாபாரம். இன்னொன்றும் மறக்கக் கூடாது. நம்மைப் போன்றவர்கள் இங்கே வரக் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம் 1965 அக்டோபரில் வந்தது. கறுப்பின மக்கள் அடிபட்டு வாங்கிய வாக்குரிமைச் சட்டம் அதே வருடம் ஆகஸ்டில் வந்தது. அந்தப் போராட்டம் உண்டாக்கிய காற்றில்தான் இதுவும் திறந்தது.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. 2022இல் சொத்து வரிசையில் சரி நடுவில் இருக்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து, கடன் போக, சுமார் 2,85,000 டாலர்; அதேபோல் நடுவில் இருக்கும் கறுப்பினக் குடும்பத்தினுடையது சுமார் 45,000. நான் சோப்பு வாங்கி அந்த இடைவெளி மூடாது. அது நிலத்தையும் வீட்டுக்கடனையும் சட்டத்தையும் வைத்துப் பறிக்கப்பட்டது. திரும்புவதும் அப்படித்தான் திரும்ப வேண்டும். ஆனால் மார்ட்டின் லூதர் கிங் தன் கடைசி உரையில், 1968 ஏப்ரல் 3 அன்று மெம்ஃபிஸில், துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு நடுவே, உங்கள் பணத்தை ட்ரை-ஸ்டேட் என்ற கறுப்பின வங்கியில் போடுங்கள், கறுப்பினக் காப்பீட்டு நிறுவனங்களில் காப்பீடு எடுங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டார். மறுநாள் அவரைச் சுட்டார்கள். சட்டத்துக்காகத் தெருவில் நின்றவரே வங்கிக் கணக்கையும் சேர்த்துப் பேசினார் என்பது எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஆன்ட்டியின் தங்கை மகன் கடையைத் திரும்பத் திறக்கவில்லை. விமான நிலையச் சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறார். அந்த இடத்தில் இப்போது ஒரு செயின் காபிக்கடை. காலையில் அந்த வழியாகப் போகும்போது வேகத்தைக் குறைத்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

போன வருடக் கணக்கை ஜனவரியில் போட்டேன். 186 என்ற இடத்தில் 6,940 வந்திருந்தது, சேமிப்பை விட்டுவிட்டு. ஆன்ட்டியிடம் நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக விரலை வைத்துப் பார்த்தார். வீட்டுக் காப்பீடு என்ற வரியில் விரல் நின்றது. அது இன்னும் மாறவில்லை. உள்ளே போய் ஒரு பழைய கார்டைத் தேடி எடுத்து வந்தார். அவர் சர்ச்சில் பாடும் பெண், காப்பீட்டு ஏஜென்ட். எங்கள் பாலிசி புதுப்பிப்பு அக்டோபரில். கார்டை நோட்டின் அந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.